காத்து தள்ளுதா, அத்தை?

துளசிமணி ‘ம்’ என்று சொல்லி முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. சொன்னது ஒரே ஒரு எழுத்து. அதை நம்பித்தான் மாப்பிள்ளை வண்டியின் முன்னால் இடுப்புவரை கவிழ்ந்து, காலையிலிருந்து கழற்றிப்போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் படிமேல் ஏறி நின்று டார்ச் பிடித்துக்கொண்டிருந்தாள். மகளுடைய குளிர்கோட்டு, மகளுடைய பேண்ட். ஐம்பத்தாறு வயதில் முதல்முறையாகப் போட்ட பேண்ட் அது. போட்டு ஏழு வாரம் ஆகிறது, இன்னும் நடக்கும்போது காலுக்கு நடுவில் யாரோ கூடவே வருகிற மாதிரி இருக்கிறது. வெளிச்சம் விழ வேண்டிய இடத்தில் சரியாக விழுந்துகொண்டுதான் இருந்தது. மனசுதான் அந்த ‘ம்’மையே சுற்றிச் சுற்றி வந்தது. காத்து தள்ளுச்சா? தள்ளின மாதிரித்தான் இருந்துச்சு. மாதிரின்னா என்ன அர்த்தம், தள்ளுச்சா தள்ளலையா? விரல் மரத்துப்போயிருந்தது. இந்த ஊரில் அக்டோபர் மாதக் காலை பத்து மணிக்கு வெயில் நன்றாகத்தான் அடிக்கிறது, ஆனால் அந்த வெயிலைக் கையில் ஏந்திப் பார்த்தால் ஒன்றுமில்லை, காலி டம்ளர். அப்படி மரத்த விரலை எஞ்சினின் ஓட்டையில் வைத்துக்கொண்டு, காத்து தள்ளியதா இல்லையா என்று கேட்டால் யார்தான் சரியாகச் சொல்வார்கள்? சரி, விரலைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. அந்த நேரத்தில் அவள் விரலைப் பார்க்கவே இல்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாத்துகள். வாத்தா, அன்னமா, என்ன எழவோ, கழுத்து நீண்ட பறவைகள். குளிருக்குப் பயந்து தெற்கே போகின்றன என்று மகள் மேகலா சொல்லியிருக்கிறாள். நாற்பது ஐம்பது ஒன்றாகச் சேர்ந்து, வரைகோலால் கிழித்த மாதிரி இரண்டு கோடு போட்டுக்கொண்டு, கத்திக்கொண்டே வீட்டு ஓட்டுக்கு மேலே போயின. முன்னால் போன ஒன்று களைத்துப் பின்னால் வந்தது, இன்னொன்று சத்தமில்லாமல் அந்த இடத்துக்குப் போனது. அடடா, பனியன் கம்பெனியில் லைன் மாற்றுகிற மாதிரியே இருக்கிறதே என்று அவள் வாயைப் பிளந்து பார்த்த அந்த நொடியில்தான் வண்டிக்கு அடியிலிருந்து மாப்பிள்ளை, “காத்து தள்ளுதா, அத்தை?” என்று கேட்டார். அவளும் ‘ம்’ என்றாள். வாத்துக்குச் சொன்ன ‘ம்’மா, மாப்பிள்ளைக்குச் சொன்ன ‘ம்’மா? பிரசவம் பார்க்கத் திருப்பூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்த ஏழு வாரத்தில் மாப்பிள்ளையிடம் அவள் பேசியது அந்த ஒற்றை எழுத்துத்தான். சாப்பிட்டீங்களா அத்தை, ம். குளிருதா அத்தை, ம். மாத்திரை போட்டீங்களா, ம். பழகிப்போன வாய், கேள்வி முடிந்ததும் தானாக ஒரு முத்திரை குத்திவிட்டது.

அதற்கு மேல் பேச வேண்டியது எல்லாம் மேகலா வழியாகத்தான் போகும், வரும். அவளை வைத்துக்கொண்டு, மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிற மாப்பிள்ளைக்கு, “கொளம்பு ஊத்தட்டுமான்னு கேளு கண்ணு” என்பாள் துளசிமணி. அவரும், போதும்னு சொல்லு மேகலா என்பார். நான் என்ன தபால்காரியா என்று மேகலா ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள், பிறகு பசி தாங்காமல் திரும்பி வந்து சாப்பிட்டாள். காரணம் எல்லோருக்கும் தெரியும். நான்கு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடிக் கிறிஸ்தவப் பையன் ஒருத்தன், பேரு ஜெபசிங், இங்கே சுரங்கத்தில் எலக்ட்ரீஷியன், அவனைத்தான் கட்டிக்கப் போறேன் என்று மேகலா போனில் சொன்னபோது, திருப்பூரில் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு துளசிமணி ஒரு வாக்கியம் சொன்னாள். முழு வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் உண்டு. அந்த வேதக்கார வீட்டுச் சோறு எம்பட தொண்டைல எறங்குமா என்று ஆரம்பித்து எங்கேயோ போய் முடிந்தது. போன் ஸ்பீக்கரில் இருந்தது அவளுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது. அந்த நாற்காலிச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அது எந்த நாற்காலி என்று இங்கே வந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் ஜன்னல் பக்கம் மாப்பிள்ளை உட்காருவது, பின்கால் ரப்பர் தேய்ந்தது. இப்போது அவர் வீட்டுச் சோறுதான் இறங்குகிறது, நன்றாகவே இறங்குகிறது, மூன்று கிலோ கூடியிருக்கிறாள்.

“டார்ச்சைக் கொஞ்சம் எடது பக்கம்” என்றார் மாப்பிள்ளை. அவள் நகர்த்தினாள். எஞ்சினுக்குப் பின்னால், கண்ணாடிக்குக் கீழே இருக்கிற இரும்புச் சுவரோடு ஒட்டின மாதிரி, அந்தப் புதுச் சாமான் தலையை மட்டும் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேம் ஷாஃப்ட் சிங்க்ரனைசர். அவள் காதில் முதல்முறை விழும்போது சிங்காரநேசர் என்று விழுந்தது. அன்றிலிருந்து அவளுக்கு அது சிங்காரநேசர்தான், ஒரு மைனர் மாதிரி, வெற்றிலை போட்டுக்கொண்டு. ஒரு சாண் நீளத்துக்கு ஒரு தண்டு. அடியில் பல்சக்கரம். உச்சியில் பாதி வெட்டின தகரக் கிண்ணம், பிறை மாதிரி. அந்தப் பிறை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை மேலே மாட்டுகிற சென்சார் வழியாகப் பார்த்துத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் எந்த பிஸ்டன் எங்கே நிற்கிறது, எப்போது பெட்ரோல் விட வேண்டும் என்று தெரிந்துகொள்ளுமாம். பழைய சிங்காரநேசர் செவ்வாய்க்கிழமையிலிருந்து கத்த ஆரம்பித்துவிட்டார். கீச் கீச் என்று. எஞ்சினுக்குள் குருவி மாட்டிக்கொண்டது என்று நினைத்து அவள் பதறிப்போய், குருவியை எடுத்துவிடச் சொல்லு கண்ணு என்று மேகலாவிடம் சொன்னாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மாப்பிள்ளை முதல்முறையாகத் தட்டைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே எண்ணெய் வற்றித் தேய்ந்துபோனால்தான் அந்தச் சத்தம் வரும் என்றும், அப்படியே விட்டால் ஒருநாள் இறுகிப்போய் நின்றுவிடும் என்றும், அதே தண்டுதான் ஆயில் பம்ப்பையும் சுற்றுகிறது என்பதால் அது நின்றால் எஞ்சினே போச்சு என்றும் மேகலாவைப் பார்த்துச் சொன்னார். துளசிமணி பாத்திரம் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மெக்கானிக் கடையில் இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லிவிட்டார்கள். மேகலாவுக்கு நாள் குறித்திருப்பது பன்னிரண்டு நாளில். ஆஸ்பத்திரி இருப்பது சட்பரி டவுனில், நாற்பது கிலோமீட்டர். இருப்பது இந்த ஒரே பிக்கப் வண்டி, இருபத்து மூன்று வயசான கிழடு. ஆகவே மாப்பிள்ளை தானே சாமான் வரவழைத்து, தானே கழற்றுவது என்று முடிவாயிற்று. மேகலாவால் குனிய முடியாது. நீ போம்மா, சும்மா ஒரு விரல் வெச்சா போதும் என்று இவளைத் தள்ளிவிட்டாள்.

சும்மா ஒரு விரல். அந்த ஒரு விரலையும் ஒழுங்காக வைக்கவில்லையே. முதல் பிஸ்டன் உச்சிக்கு வரும்போதுதான் சிங்காரநேசரை இறக்கி உட்காரவைக்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆனால் பிஸ்டன் உச்சிக்கு இரண்டு தடவை வரும். ஒரு தடவை காற்றை அமுக்கிக்கொண்டு வரும், அது நிஜ உச்சி. இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளிவிட்டுச் சும்மா வரும், அது பொய் உச்சி. வெளியே சக்கரத்தில் இருக்கிற கோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதற்குத்தான் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டையில் விரல் வைப்பது. காற்று விரலைத் தள்ளினால் நிஜம், தள்ளாவிட்டால் பொய். மாப்பிள்ளை இதை அவளைப் பார்க்காமல் பம்ப்பரைப் பார்த்து விளக்கிச் சொன்னபோது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் பவர் தையல் மெஷினில் உட்கார்ந்தவளுக்கு இது புரியாமல் என்ன. ஊசி ஒரு தடவை இறங்கி ஏறுவதற்குள் கீழே கொக்கி இரண்டு சுற்று சுற்றும். ஒரு சுற்றில் நூலைக் கவ்வும், இன்னொரு சுற்றில் சும்மா சுற்றும். ஊசி அடி ஆழத்துக்குப் போய், ஒரு மயிரிழை மேலே ஏறும்போது, கொக்கியின் மூக்கு சரியாக ஊசிக் காதுக்கு மேலே வந்து நிற்க வேண்டும். அது தவறினால் தையல் விழாது, துணி முழுக்க ஓட்டை ஓட்டையாகப் போகும், நூல் மட்டும் மேலே படுத்திருக்கும். கம்பெனி மெக்கானிக் எப்போதும் டீக்கடையில் இருப்பான் என்பதால் அவளே திருப்புளியை எடுத்துக்கொண்டு மெஷினைச் சாய்த்துப்போட்டு டைமிங் வைப்பாள். சும்மா சுற்றுகிற சுற்றில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரியாத வேலையில் தப்பு செய்தால் தெரியாது என்று விட்டுவிடலாம். இது தெரிந்த வேலை.

இன்னும் ஒன்று. பிறை. பழைய சிங்காரநேசரை மாப்பிள்ளை பிடுங்கி எடுக்கும்போது அதன் பிறை சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணால் பார்த்தாள், டார்ச் அவள் கையில்தானே இருந்தது. புதுசு உட்கார்ந்ததும் அதன் பிறை ரேடியேட்டர் பக்கம் பார்க்கிறது. நேர் எதிர். பிடுங்கும்போது பல்சக்கரம் சாய்வாக இருப்பதால் கொஞ்சம் திரும்பத்தான் செய்யும், மாப்பிள்ளையே சொன்னார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு விரக்கடை திரும்பலாம், இரண்டு விரக்கடை திரும்பலாம். அரை வட்டமா திரும்பும்? திரும்பாது. இல்லை, பழசு தேய்ந்துபோனதல்லவா, தேய்ந்ததால் அதிகமாகத் திரும்பியிருக்கும். தேய்ந்தால் ஆடும், அரை வட்டம் எப்படிப் போகும்? ஒருவேளை அவள் பார்த்ததே தப்பாக இருக்கலாம். மாப்பிள்ளை படித்தவர். செருகுவதற்கென்றே மஞ்சள் கலரில் ஒரு அளவுச் சாமான் வந்தது, அதைத் தலையில் மாட்டி, அம்புக்குறி எந்தப் பக்கம் நிற்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்த்துத்தானே இறக்கினார். அம்புக்குறி சரிதான். ஆனால் அம்புக்குறி எதை நம்பி நிற்கிறது? உச்சியை. உச்சி எதை நம்பி நிற்கிறது? விரலை. விரல் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது? வாத்தை. போச்சு, திரும்ப அங்கேயே வந்து நின்றது.

மாப்பிள்ளை ஒரு போல்ட்டை முறுக்கிவிட்டு அடுத்ததைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு போல்ட்டும் இறுக இறுக அவள் மிச்சத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். இன்னும் ஆறு. இல்லை, ஐந்து. தப்பாக வைத்திருந்தால் வண்டி ஒருவேளை கிளம்பும், ஆனால் திக்கித் திணறும், எச்சரிக்கை விளக்கு எரியும் என்று சொல்லியிருந்தார். எங்கே திணறும்? இந்த ஊர் ரோட்டைப் பார்த்திருக்கிறாள். இரண்டு பக்கமும் மரம், மரத்துக்குப் பின்னால் மரம், நடுவில் ஏரி, ஆள் கிடையாது. பாதி ரோட்டில் போனில் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. அங்கே மேகலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை பானட்டைத் திறந்துகொண்டு, இவள் ‘ம்’ என்று சொன்ன வாயை வைத்துக்கொண்டு. சீ, என்ன நினைப்பு. மேகலா பிறந்த அன்றும் வண்டி கிளம்பவில்லைதான். கம்பெனியில் மத்தியான ஷிப்ட்டில் வலி எடுத்து, கம்பெனி வேனில் ஏற்றி உட்காரவைத்தால், சாவி போட்டதும் அது இரண்டு தும்மல் தும்மிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஆறு தையல்காரிகள் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு வேனைத் தள்ளினார்கள். உள்ளே இருந்தபடி அவள் வலியிலும் சிரித்தாள், சிரிக்காதடி, அப்படியே வந்துறப் போகுது என்று ஒருத்தி பின்னாலிருந்து கத்தினாள், அதற்கும் சிரித்தாள். இப்போது நினைத்தாலும் சிரிப்புதான் வருகிறது. ஆனால் அன்று தள்ளுவதற்கு ஆறு பேர் இருந்தார்கள். இந்த ரோட்டில் யார் தள்ளுவது, வாத்தா?

சொல்லிவிட வேண்டியதுதான். எப்படிச் சொல்வது? மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, நீங்கள் இரண்டு மணி நேரம் முதுகு ஒடியச் செய்ததைக் கழற்றுங்கள் என்று ஒரு மாமியார் எப்படிச் சொல்வது? அதுவும் அன்று போனில் அப்படிச் சொன்ன மாமியார். இவளுக்கு நம்மை எப்போதும் பிடிக்காது, நாம் செய்கிற வேலையும் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டால்? உள்ளே போய் மேகலாவிடம் சொல்லி அனுப்பலாம். மாப்பிள்ளைகிட்டச் சொல்லு கண்ணு, அம்மாவுக்குக் காத்து சரியாத் தெரியலையாமான்னு. அவள் படியிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தாள். சமையலறை ஜன்னலில் மேகலா தெரிகிறாளா என்று பார்த்தாள். தெரியவில்லை. ஒன்பது மாத வயிற்றோடு அவள் படியிறங்கி வந்து, இரண்டடி தூரத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு நடுவில் நின்று, அவங்க இப்படிச் சொல்றாங்க, இவங்க இப்படிச் சொல்றாங்க என்று. நினைக்கவே அசிங்கமாக இருந்தது. வேண்டாத அன்றைக்கு நிறுத்தாமல் முழு வாக்கியமாக ஓடி வந்த வாய், இன்றைக்கு வேண்டும்போது ஏன் இப்படிப் பூட்டிக்கொள்கிறது? கீழே வைத்த காலைத் திரும்பவும் படிமேல் வைத்தாள். மாப்பிள்ளை அடுத்த போல்ட்டைத் திருகத் தொடங்கினார். இன்னும் நாலு.

“மாப்ளைங்க” என்றாள்.

அவள் நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல்முறை. மாப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்ததில் தலை பானட்டில் ணங்கென்று இடித்தது. கையிலிருந்த ஸ்பேனர் எங்கேயோ கம்பிகளுக்கு நடுவில் விழுந்து, இரண்டு மூன்று இடத்தில் தட்டி, கடைசியில் தரையில் போய்ச் சேர்ந்தது. அவர் தலையைத் தடவிக்கொண்டு அவளைப் பார்த்தார். அவளுக்கு ஒரு நொடி, ஒண்ணுமில்லீங்க என்று சொல்லிவிடத் தோன்றியது. ஆனால் ஆரம்பித்தாயிற்று, இனி நடுவில் நூலை அறுக்க முடியாது.

“அந்தக் காத்துங்க. நீங்க கேட்டப்ப நான் மேல வாத்து போறதைப் பாத்துட்டு இருந்தேனுங்க. பாக்காமயே ‘ம்’முன்னுட்டேன். தள்ளுச்சா தள்ளலையான்னு எனக்கு மெய்யாலுமே தெரியாதுங்க.”

அதோடு நிறுத்தாமல் பிறையைப் பற்றியும் சொன்னாள், பழசு எந்தப் பக்கம் பார்த்தது, புதுசு எந்தப் பக்கம் பார்க்கிறது, சாய்வுப் பல்லில் இவ்வளவு திரும்ப வாய்ப்பில்லை என்று, மூச்சு விடாமல், ஏழு வாரத்துக்கும் சேர்த்து வைத்துப் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டே கையைத் துணியில் துடைத்தார். பிறகு கோட்டுப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு போட்டோவைத் திறந்து அவள் பக்கம் நீட்டினார். பிடுங்குவதற்கு முன்னால் எடுத்த போட்டோ. பழைய சிங்காரநேசர், பிறை சுவர்ப் பக்கம்.

“நானும் பார்த்தேன் அத்தை. புதுசை உட்கார வச்சதும் பார்த்தேன், பிறகும் ஒரு தடவை பார்த்தேன்” என்றார். “திரும்ப உங்ககிட்ட கேக்கலாம்னுதான் இருந்தேன். நம்மளை நம்பலையேன்னு நீங்க வருத்தப்பட்டுட்டா என்ன செய்யதுன்னு விட்டுட்டேன்.”

துளசிமணி அவர் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் இடித்த இடம் சிவந்து, அதைச் சுற்றிக் கரி. அப்படியென்றால் இந்த முக்கால் மணி நேரமும் இரண்டு பேரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டு, ஒருத்தர் டார்ச் பிடிக்க, ஒருத்தர் தப்பென்று தெரிந்தே போல்ட் முறுக்க, எவ்வளவு மரியாதையாக ஒரு எஞ்சினைக் கெடுக்கப் பார்த்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், மூக்கு வழியாக வந்துவிட்டது. மாப்பிள்ளையும் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். அவர் சிரித்தால் கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் குழி விழும் என்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். தட்டைப் பார்த்துச் சிரிக்கிறவருக்குக் கன்னம் எப்படித் தெரியும்.

பிறகு முறுக்கியதையெல்லாம் கழற்றினார்கள். கழற்றுவது முறுக்குவதைவிடச் சீக்கிரம் ஆனது. பிளக்கைத் திரும்ப எடுத்தபின் மாப்பிள்ளை, நான் விரல் வைக்கவா, நீங்கள் அடியில் ஸ்பேனர் போடுகிறீர்களா என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று சொல்லி, விரலை வாயருகில் வைத்து ஊதி, அக்குளில் இடுக்கிச் சூடேற்றிக்கொண்டு, ஓட்டையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். வாத்து வந்தாலும் சரி, விமானம் வந்தாலும் சரி. கீழே ஸ்பேனர் டக் டக் என்று நகர்ந்தது. தள்ளுதா என்று கேட்டார். இல்லீங்க என்றாள். இன்னும் கொஞ்சம். இல்லீங்க, சும்மாதான் இருக்குதுங்க. இன்னும் கொஞ்சம். இருங்க, என்னமோ பண்ணுதுங்க. இப்போது விரல் நுனியில் ஏதோ மெதுவாக முட்டியது. கன்றுக்குட்டி மூக்கால் உள்ளங்கையை முட்டுகிற மாதிரி, முதலில் கேட்டுப் பார்க்கிற மாதிரி, பிறகு வழி விடு என்கிற மாதிரி. விரல் கொஞ்சம் மேலே எழும்பி, பக்கத்தில் புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. இதைத்தான் தெரியவில்லை என்று நினைத்தாளா? மரத்த விரலாக இருந்தாலும் இது தெரியாமல் போயிருக்காது. அப்படியென்றால் முதல்முறை தள்ளவே இல்லை.

“தள்ளுதுங்க மாப்ளை. வெரலையே தூக்குது.”

சக்கரத்துக் கோடு எதிரே இருக்கிற கோட்டோடு சேர்ந்ததும் மாப்பிள்ளை எழுந்து வந்து சிங்காரநேசரைப் பிடுங்கி, மஞ்சள் அளவுச் சாமானைத் தலையில் மாட்டி இறக்கினார். முதல்முறை ஒரு பல் தள்ளிப் போய் உட்கார்ந்தது. இரண்டாவது முறை அந்தப் பக்கம் ஒரு பல். மூன்றாவது முறை அம்புக்குறி சரியாக நின்றது, ஆனால் அடியில் ஆயில் பம்ப்பின் கம்பி மாட்டாமல் அரை அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. அவர் பொறுமையாக எடுத்து எடுத்து இறக்கினார். அவள் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, கொக்கி இரண்டு சுற்றும் ஊசி ஒரு தடவையும் என்கிற கதையைச் சொன்னாள். அவர் எடுத்த கையை அப்படியே நிறுத்திவிட்டு, அப்படின்னா மெஷின்லயும் பொய்ச் சுத்து உண்டா என்று கேட்டார். உண்டுங்க, அதுல வெச்சுட்டு எத்தனையோ பேரு நாள் பூரா நூலைத் திட்டிட்டு ஒக்காந்திருப்பாங்க என்றாள். அவர் தன்னுடைய அப்பா உப்பு லாரி ஓட்டியதைச் சொன்னார். உப்பு பட்டுப் பட்டு அந்த லாரிக்கு அடியில் இரும்பே இருக்காதாம், வெறும் பெயிண்ட்தான் வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கும் என்று அப்பா பெருமையாகச் சொல்வாராம். அவள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தாள், துணி எடுத்துக் கொடுத்தாள். அடுத்த சாமானை எடுத்துக் கொடுக்கும்போது அவள் அதைச் சொன்னாள். எப்போது சொல்வது என்று யோசித்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டாள்.

“அன்னிக்குப் போன்ல நான் சொன்னதும் இப்படித்தானுங்க. பாக்காம சொன்னது.”

மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. அவருடைய கை மட்டும் சிங்காரநேசரின் தண்டைப் பிடித்தபடி அப்படியே நின்றது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நகக்கண் எல்லாம் கரி, மோதிர விரலில் ஒரு வெட்டு, இரத்தம் உறைந்திருந்தது, எப்போது வெட்டிக்கொண்டார் என்றே தெரியவில்லை, சொல்லவே இல்லையே.

“தெரியும் அத்தை” என்றார். தண்டின் தலையைக் காட்டி, “இதைக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க” என்றார்.

அவள் டார்ச்சைக் கம்பிகளுக்கு நடுவில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் அமுக்கினாள். அவர் அடியில் எதையோ அசைத்தார். உள்ளே எங்கேயோ ஒன்று ஒன்றைக் கண்டுபிடித்த மாதிரி டொக்கென்று ஒரு சத்தம் வந்து, சிங்காரநேசர் அரை அங்குலம் இறங்கி நன்றாக உட்கார்ந்தார். பிறை ரேடியேட்டர் பக்கம்தான் பார்த்தது, பழசு சுவரைப் பார்த்தது பொய் உச்சியில், இது நிஜ உச்சி. மறுபடி போல்ட், மறுபடி சென்சார், மறுபடி பிளக். இந்தத் தடவை அவளே இரண்டு போல்ட்டைத் திருகினாள், மாப்பிள்ளை கடைசி முறுக்கு மட்டும் முறுக்கினார். நீங்க முறுக்கினதுல எனக்கு முறுக்க இடமே இல்லையே அத்தை என்றார். பவர் மெஷின் கையிங்க என்றாள்.

சாவி போட அவர் உள்ளே ஏறி உட்கார்ந்தபோது அவளுக்குத் திரும்பவும் பயம் வந்தது. புதுப் பயம் இல்லை, பழையதுதான், ஆனால் சின்னதாக, பழக்கமானதாக. தள்ளியது நிஜம். அம்பு நிஜம். டொக் என்றது நிஜம். அப்புறம் என்ன? அப்புறம் ஒன்றுமில்லை, பயப்படுவதற்கு என்று மனசில் ஒரு மூலை இருக்கிறது, அதையும் காலியாக வைக்க முடியாது. எஞ்சின் ஒரு சுற்று இழுத்தது. இரண்டு சுற்று. அவள் கோட்டுப் பித்தானைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாவதில் பற்றிக்கொண்டு, ஒரு குலுக்கு குலுக்கி, பிறகு சீராக ஓட ஆரம்பித்தது. இரண்டு பேரும் அசையாமல் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். கீச் இல்லை. விளக்கு எரியவில்லை என்று உள்ளிருந்து கையை ஆட்டிக் காட்டினார். கொஞ்சம் அழுத்தினார், உறுமியது, விட்டதும் அடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார்கள். தையல் நேராக விழுகிற மெஷின் சத்தம் அது. எந்த ஊரில் கேட்டாலும் அவளுக்குத் தெரியும்.

சத்தம் கேட்டு மேகலா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள். போட்டோ எடுப்பதற்கென்று வாங்கிய வெளிர்மஞ்சள் கவுனைப் போட்டிருந்தாள். எவ்வளவு நேரம்தான் சும்மா உட்கார்ந்திருப்பது, சேருமா என்று போட்டுப் பார்த்தேன் என்றாள். சேர்ந்திருந்தது, ஆனால் இன்னும் ஒரு வாரம் தாங்காது. படியில் இரண்டு எட்டு இறங்கியவள் அப்படியே நின்று வயிற்றைப் பிடித்தாள். வலியா கண்ணு என்றாள் துளசிமணி.

“வலியெல்லாம் இல்லம்மா, உதைக்குது. வண்டிச் சத்தம் கேட்டதும் உதைக்குது. இங்க கை வை, சீக்கிரம்.”

அவள் ஓடிப்போய்க் கையை வைத்தாள். உள்ளங்கைக்கு அடியில் ஒன்று சரேலென்று ஓடி, முட்டி, நின்றது. குதிகாலா, முழங்கையா, நல்ல பலம். கையை எடுத்தபோதுதான் பார்த்தாள். வெளிர்மஞ்சள் கவுனில், வயிற்றின் வலது பக்கம், ஐந்து விரலும் தெளிவாக, கன்னங்கரேலென்று ஒரு கை. மேகலா குனிந்து பார்த்தாள். அம்மா, இது புதுசு என்றாள், அழுவது மாதிரி. துளசிமணி கோட்டு நுனியால் துடைக்கப் போனாள், அது இன்னும் மோசமாகும் என்று பாதியில் நிறுத்திக்கொண்டாள். வண்டியிலிருந்து இறங்கி வந்த மாப்பிள்ளை இரண்டு பேருக்கும் கொஞ்சம் தள்ளியே நின்று, அந்தக் கையைப் பார்த்தார், தன்னுடைய கையையும் பார்த்தார், பின்னால் மறைத்துக்கொண்டார்.

“இந்தப் பக்கம் காலியாத்தான் இருக்குதுங்க மாப்ளை” என்றாள் துளசிமணி.

மேகலா அம்மாவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், திரும்பவும் அம்மாவைப் பார்த்தாள். மாப்பிள்ளை வந்து, கொஞ்சம் தயங்கி, இடது பக்கம் கையை வைத்தார். வைத்த உடனே உள்ளேயிருந்து அவருக்கும் ஒரு உதை கிடைத்தது, அவர் எதிர்பார்க்கவே இல்லை, தூக்கிப்போட்டு ஒரு அடி பின்னால் போனார். முதலில் சிரித்தது மேகலாதான். பிறகு மூன்று பேரும் சிரித்தார்கள். சிரித்ததில் வயிறு குலுங்கி, குலுங்கிய வயிற்றை இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பிடிக்கப் போய், கவுனில் இருந்த கரி இன்னும் கொஞ்சம் ஈஷிக்கொண்டது.